எஞ்சின் விளக்கு: ஒரு மஞ்சள் எச்சரிக்கையின் வரலாறு



சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையின்போது குளுவாங்கில் இருக்கும் என் பெற்றோரைக் கண்டுவிட்டு ஜொகூர் பாருவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சிம்பாங் ரெங்கத்தில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நுழைந்து, தெற்கு நோக்கிச் சற்றுத் தொலைவு வந்திருப்பேன். ஒரு மேட்டில் ஏறும்போது மகிழுந்து திடீரெனச் சோர்ந்தது. மிதியை எவ்வளவு அழுத்தியும் வேகம் கூடவில்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் இருந்த முள் 60க்கு இறங்கியது. பின்னால் வந்த லாரி விளக்கைச் சிமிட்டி ஒலியெழுப்பியது. பின்னிருக்கையில் என் பிள்ளைகள் இருவர். அவ்வேளையில்தான் வேகமானிக்கு அருகே, எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிவதைக் கண்டேன்.

மேடு முடிந்ததும் வண்டி ஒன்றுமே நடவாததுபோல் ஓடியது! விளக்கு மட்டும் அணையவில்லை.

அடுத்த ஐந்து வாரங்களில் அந்த ஒரு விளக்கை அணைப்பதற்காக 950 வெள்ளி செலவழித்தேன். முதலில் ஓர் உணரியை மாற்றினார்கள். பிறகு காற்று நுழையும் வாயிலைக் கழற்றித் துப்புரவு செய்தார்கள். அதன் பிறகு தீப்பொறி தரும் காயில்களை மாற்றினார்கள். மூன்று முறையும் விளக்கு அணைந்தது. மூன்று முறையும் இரண்டொரு நாளில் மீண்டும் எரிந்தது. மேடு வந்தால் வண்டி சோர்வதும் மாறவில்லை.

அப்போதுதான் இவ்விளக்கை யார் வைத்தார்கள், எதற்காக வைத்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தபோது இரண்டு செய்திகள் என்னை வியப்பில் ஆழ்த்தின. இவ்விளக்கு எஞ்சினைக் காப்பதற்காகப் பிறந்ததன்று. நாமும் நம் பிள்ளைகளும் சுவாசிக்கும் காற்றைக் காப்பதற்காகப் பிறந்தது என்பது முதற்செய்தி. இதன் வரலாறு நம் மலாயா ரப்பர் தோட்டங்களின் வரலாற்றை ஓரிடத்தில் தொட்டுச் செல்கிறது என்பது இரண்டாவது. அவ்விரண்டையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ரப்பர் நின்றுபோன ஆண்டு

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. எட்டே வாரங்களில் தீபகற்பம் முழுவதும் அதன் கைக்குள் வந்தது. 1942 ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் ஜொகூர் கடற்பாலத்தை வெடிவைத்து உடைத்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் சென்றனர். பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அதன் பின் தோட்டத்து மக்கள் பட்ட பாடும், பல்லாயிரவர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்த கொடுமையும் நம் குடும்பங்களில் இன்றும் பேசப்படுபவை.

அதே வேளையில் பசிபிக் பெருங்கடலின் மறுகரையில் வேறொரு நெருக்கடி தோன்றியது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு தென்கிழக்காசியாவிலிருந்து சென்றதாகும். மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமானதும் அவ்வரத்து நின்றுபோனது. ரப்பர் இல்லையேல் டயர் இல்லை. டயர் இல்லையேல் போர்க்கள வண்டிகளும் விமானங்களும் இல்லை. எனவே பெட்ரோலிய எண்ணெயிலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளை அமெரிக்கா அவசர அவசரமாக எழுப்பியது. செயற்கை ரப்பருக்கு வேண்டிய மூலப்பொருள்களுள் ஒன்று பியூட்டாடையீன் என்னும் வாயு. அதனைத் தயாரிக்கும் ஆலை ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நடுவே, அலிசோ தெருவில் இயங்கியது.

1943 ஜூலை 26ஆம் நாள் அந்நகரத்தைப் பழுப்பு நிறப் புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களின் கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது, தெருவில் சில கட்டடங்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. போர்க்காலம் அல்லவா? எதிரி நச்சுவாயு வீசிவிட்டான் என்றுகூடச் சிலர் அஞ்சினர்.

அது எதிரியின் வேலையன்று என்று தெளிந்ததும், பழி நேரே அலிசோ தெரு ஆலையின்மீது விழுந்தது. புதிதாக வந்தது அது. நாற்றமும் அங்கிருந்து வந்தது. ஆகவே குற்றவாளி அதுவே என்று ஊர் முடிவு செய்தது. ஆலை சிறிது காலம் மூடப்பட்டது. ஆனால் புகைமூட்டம் தொடர்ந்தது! என் மகிழுந்தில் முதலில் மாற்றிய உணரியின் கதைதான் அதுவும். கண்ணுக்கு முதலில் தெரிந்த பொருளின்மீது பழி போட்டார்கள். பழி போட்ட பின்னும் நோய் அப்படியே இருந்தது.

அன்னாசிப்பழ ஆய்வாளரும் ரப்பர் துண்டும்

1947ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் காற்றுத் தூய்மைக்கெனத் தனி அமைப்பையே நிறுவியது. இலண்டன் நகரத்துப் புகைமூட்டத்திற்கு நிலக்கரிப் புகையும் கந்தகமும் காரணம் என்பது முன்னரே தெரிந்த செய்தி. ஆதலால் இங்கும் அதுவே காரணமாக இருக்கும் என்று கருதி, தொழிற்சாலைகளையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளையும் கட்டுப்படுத்தினார்கள். கந்தகம் குறைந்தது. கண்ணெரிச்சல் குறையவில்லை.

இவ்விடத்தில்தான் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர் வருகிறார். 1900ஆம் ஆண்டு நெதர்லாந்தில் பிறந்தவர். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர். அன்னாசிப்பழத்தின் மணத்திற்கு எப்பொருள்கள் காரணம் என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பழத்தின் மணத்தைக் குளிரூட்டிப் பிடித்து ஆராயும் அதே முறையில் நகரத்தின் காற்றையும் பிடித்துப் பார்த்தார்.

அவர் கண்டது இதுதான்: முழுமையாக எரியாத பெட்ரோலின் ஆவியும், எஞ்சினுக்குள் மிகுந்த வெப்பத்தில் உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் ஒன்றுசேர்ந்து வினைபுரிகின்றன. அவ்வினையில் ஓசோன் முதலிய உறுத்தும் பொருள்கள் உண்டாகின்றன. ஆக, கண்ணை எரித்த பொருள் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வரவில்லை. அது வானத்திலேயே வெயிலால் சமைக்கப்பட்டது. அதற்கான மூலப்பொருள்களை எண்ணெய் ஆலைகளோடு சேர்ந்து, ஒவ்வொரு குடும்பத்தின் மகிழுந்தும் நாள்தோறும் வழங்கிக்கொண்டிருந்தது.

இதனை மெய்ப்பிக்க அவர் பயன்படுத்திய கருவிகளுள் ஒன்று ரப்பர்! ரப்பர் துண்டை வளைத்துக் காற்றில் வைத்தால் ஓசோன் அதனைத் தாக்கி வெடிப்புகளை உண்டாக்கும். எத்தனை நிமிடத்தில் வெடிப்பு தோன்றுகிறது என்று கணக்கிட்டால் காற்றில் உள்ள ஓசோனின் அளவு தெரிந்துவிடும். ரப்பர் கிடைக்காமற்போன காரணத்தால் எழுந்த ஆலையின்மீது வீண்பழி விழுந்தது. உண்மைக் காரணத்தை அறியவும் ரப்பரே துணை நின்றது. பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் இப்பகுதியை நான் இரண்டு முறை படித்தேன்.

1950களின் தொடக்கத்தில் அவர் தம் முடிவுகளை வெளியிட்டபோது எதிர்ப்பே மிகுந்தது. எண்ணெய் நிறுவனங்களின் பொருளுதவியில் ஆய்வு செய்தோர் அவற்றை மறுத்தனர். மக்களுக்கும் கசப்பாகவே இருந்தது. தொழிற்சாலையைக் குற்றம் சொல்வது எளிது. தன் வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியைக் குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்? எனினும் அடுத்தடுத்த ஆய்வுகள் அவர் கூற்றை உறுதிப்படுத்தின. 1966இல் கலிபோர்னியா, மகிழுந்தின் புகைக்கு அமெரிக்காவிலேயே முதன்முறையாக அளவு விதித்தது. 1968இல் செயற்படத் தொடங்கிய கலிபோர்னியா காற்று வள வாரியத்திற்கு ஹாகன்-ஸ்மிட்டே முதல் தலைவரானார்.

எஞ்சினுக்குள் கணினி வந்த காரணம்

1970ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது. சில ஆண்டுகளுக்குள் புதிய மகிழுந்துகளின் நச்சுப்புகை 90 விழுக்காடு குறைய வேண்டும் என்றது அச்சட்டம். தயாரிப்பாளர்கள் முடியாது என்றனர். கெடுவும் சில முறை தள்ளிப்போனது. ஆயினும் 1975ஆம் ஆண்டு மாதிரிகளில் பெரும்பாலானவை ஒரு புதிய உறுப்போடு வந்தன. நம் பட்டறைகளில் ‘கேட்டலிஸ்ட்’ என்று அழைக்கப்படும் வினையூக்கி மாற்றியே அது. புகைக்குழாயில் அமைந்த இவ்வுறுப்பு, பிளாட்டினம் முதலிய உலோகங்களின் துணையால் நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. ஈயம் பட்டால் இது கெட்டுவிடும். ஆகவே ஈயம் கலவாத பெட்ரோலும் உடன் வந்தது.

அடுத்து வந்த மூவழி மாற்றி மூன்று வகை நச்சு வாயுக்களையும் ஒருங்கே நீக்கவல்லது. ஆனால் அது மிகவும் கண்டிப்பான உறுப்பு! 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்னும் எடை விகிதத்தை ஒட்டியே எஞ்சின் எரிந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். மேடு, பள்ளம், வெயில், மழை என்று நொடிக்கு நொடி மாறும் சாலையில் பழைய கார்புரேட்டரால் அவ்விகிதத்தைக் காக்க இயலாது. எனவே புகையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அளந்து சொல்லும் உணரியை 1976இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உற்பத்தி செய்தது. சுவீடனின் வால்வோ நிறுவனம் அதனைக் கலிபோர்னியாவில் விற்ற 1977ஆம் ஆண்டு மாதிரிகளில் பொருத்தியது. உணரி சொல்வதைக் கேட்டுப் பெட்ரோலின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு மூளை வேண்டுமல்லவா? அம்மூளையாகவே கணினி எஞ்சினோடு இணைந்தது.

கணினி வந்ததும் புதிய சிக்கல் தோன்றியது. உணரி கெட்டுப்போனால் ஓட்டுநருக்குத் தெரியாது. வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். புகை மட்டும் நஞ்சாகும். ஆகவே கணினி தன் கோளாறைத் தானே கண்டறிந்து ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும். 1981ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற தன் மகிழுந்துகளில் இத்தகைய கணினியையும் எச்சரிக்கை விளக்கையும் பரவலாகப் பொருத்தியது. அக்காலத்தில் மெக்கானிக் இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைப்பார். விளக்கு விட்டு விட்டு எரியும். எத்தனை முறை எரிந்தது என்று எண்ணிக் குறியீட்டைத் தெரிந்துகொள்வார்.

கலிபோர்னியா 1988ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து இத்தகைய தற்சோதனை முறையைக் கட்டாயமாக்கியது. எனினும் நிறுவனத்துக்கு நிறுவனம் செருகியும் வேறு, குறியீடும் வேறு. அக்குறையை இரண்டாம் தலைமுறை விதி தீர்த்தது. 1996ஆம் ஆண்டு மாதிரிகள் தொடங்கி அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய மகிழுந்திலும் ஒரே வடிவில் 16 முனைச் செருகி, ஒரே வகைக் குறியீடு என்றானது. ஐரோப்பா 2001இல் பெட்ரோல் மகிழுந்துகளுக்கு இதனைப் பின்பற்றியது. இன்று நம் வண்டியில் ஓட்டுநர் திருப்பு வளையத்துக்குக் கீழே குனிந்து பார்த்தால் அச்செருகியைக் காணலாம்.

ஒன்றை இங்கே மனத்தில் இருத்துவோம். கோளாறினால் புகையின் நச்சு விதித்த அளவைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடும் என்ற நிலையில் விளக்கு எரிய வேண்டும் என்பதே அவ்விதியின் பொது அளவுகோல். விளக்கு எரியாமலே எஞ்சின் நலிந்திருக்கலாம். விளக்கு எரிந்தும் எஞ்சின் நன்றாக இருக்கலாம்.

நம் நாட்டில்

1985 ஜூலையில் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தபோது அதில் இருந்தது கார்புரேட்டர்தான். 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் முதலில் அவ்வாறே. சருகுமானின் பெயரைத் தாங்கிய அச்சிறு வண்டி எத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் வண்டியாக அமைந்தது! அவ்வண்டிகள் சோர்ந்தால் மெக்கானிக் காதால் கேட்பார், மூக்கால் முகர்வார், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார். கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு. என் தந்தையார் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் வைத்து, அதன் பிடியைக் காதில் வைத்து, எங்கே தட்டுகிறது என்று கண்டுபிடிப்பார்.

மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், பெட்ரோலில் உள்ள ஈயத்தைக் குறைக்கும் விதிமுறைகள் 1985இலும், பெட்ரோல் எஞ்சின்களின் புகையைக் கட்டுப்படுத்தும் விதிமுறைகள் 1996இலும் வந்தன. கார்புரேட்டர் மெல்ல மறைந்தது, கணினி வந்தது, பட்டறைகளில் ஸ்கேனர் வந்தது. அதனோடு ஒரு தவறான நம்பிக்கையும் வந்துவிட்டது. கருவியைச் செருகினால் கெட்டுப்போன உறுப்பின் பெயரை அது சொல்லிவிடும் என்பதே அந்நம்பிக்கை.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

என் வண்டி தந்த குறியீடு ‘பி 0171’. ‘பி’ என்றால் எஞ்சினும் பற்சக்கரப் பெட்டியும் சேர்ந்த பகுதி. ‘0’ என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. ‘1’ காற்றும் பெட்ரோலும் கலக்கும் பகுதியைக் குறிக்கும். கடைசி இரண்டு எண்கள் குறிப்பிட்ட கோளாறுக்கு உரியவை. முழுப்பொருள் இதுதான்: கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி.

இதில் ஆக்சிஜன் உணரி கெட்டுவிட்டது என்று எங்கே சொல்லப்பட்டிருக்கிறது? உணரி தன் கடமையைச் செய்து, கண்டதைச் சொன்னது. நாங்களோ செய்தி கொண்டுவந்த தூதனைத் தண்டித்து, 420 வெள்ளிக்கு வேறு தூதனை வாங்கி வைத்தோம். அவனும் அதே செய்தியைத்தான் கொண்டுவந்தான்!

கடைசியில் கூலாய் அருகே சிறு பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் கருவியை எடுக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

“எப்பல்லாம் வண்டி இழுக்க மாட்டேங்குது டீச்சர்? நிக்கும்போதா, மேடு ஏறும்போதா?”

“மேடு ஏறும்போது மட்டுந்தான் அண்ணே. சமதரையில ஒண்ணும் தெரியல.”

அதன் பிறகே ஸ்கேனரைச் செருகி, என்னையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். பெட்ரோல் குறையும்போதெல்லாம் கணினி தானாகவே கூடுதலாக ஊற்ற முயலும். எத்தனை விழுக்காடு கூடுதலாக ஊற்றுகிறது என்பதை ஸ்கேனரில் காணலாம். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது அவ்வெண் 3. மேடு ஏறும்போது 25. எங்கோ குழாய் பிளந்து காற்று கசிந்தால், எஞ்சின் மெதுவாக ஓடும்போதுதான் அவ்வெண் மிகுந்திருக்கும். சுமை ஏறும்போது மட்டும் மிகுந்தால் பெட்ரோல் போதுமான அளவு வந்து சேரவில்லை என்று பொருள் என விளக்கினார். பின்னர் அழுத்தமானியைப் பெட்ரோல் குழாயில் இணைத்துப் பார்த்தார். முடுக்கியதும் அழுத்தம் சரிந்தது. தொட்டிக்குள் இருந்த பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றினார். பழுப்பு நிறச் சேறு அப்பியிருந்தது. வடிகட்டிக்கும் வேலைக்கும் சேர்த்து 260 வெள்ளி. விளக்கு அணைந்தது, இன்றுவரை எரியவில்லை.

“மெஷின் இடத்தத்தான் காட்டும் டீச்சர், ஆளக் காட்டாது,” என்றார் அவர்.

உங்கள் வண்டியில் இவ்விளக்கு எரிந்தால் நினைவிற்கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் இயல்பாக ஓடினால் பதற்றம் வேண்டா. மெதுவாக ஓட்டிச் சென்று விரைவில் சோதித்துக்கொள்ளலாம். விட்டு விட்டுச் சிமிட்டினால், எஞ்சினில் தீப்பற்றாத பெட்ரோல் புகைக்குழாய்க்குச் சென்று வினையூக்கி மாற்றியையே எரித்துவிடக்கூடும். வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். எண்ணெய் அழுத்தம், வெப்பம் ஆகியவற்றுக்கான சிவப்பு விளக்குகள் எரிந்தால் உடனே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

2. வண்டி திடீரெனப் பலமிழப்பது எஞ்சின் உடைந்ததால் மட்டும் நேர்வதன்று. சில கோளாறுகளில் எஞ்சினைக் காக்கக் கணினியே பலத்தைக் குறைத்துவிடும். இடப்பக்க அவசரத் தடத்திற்கு ஒதுங்குவதே முதல் வேலை.

3. குறியீட்டை எழுதி வாங்குங்கள். அதனை அழிக்கும் முன், கோளாறு நேர்ந்த கணத்தின் வேகம், சுமை, வெப்பம் ஆகியவற்றைக் கணினி பதிந்து வைத்திருக்கும். அப்பதிவையும் பார்க்கச் சொல்லுங்கள். அழித்துவிட்டால் அப்பதிவும் போய்விடும்.

4. ஓர் உறுப்பை மாற்ற வேண்டும் என்றால், “எந்தச் சோதனையில் இது கெட்டது என்று தெரிந்தது?” என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

வகுப்பறையில் எரிந்த விளக்கு

ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயின்ற காலத்தில் குறையறி சோதனை, குறைநீக்கல் போதனை என்று பாடமாகவே படித்தோம். மாணவர் எதில் பிழை செய்கிறார் என்று அறிந்து, அதற்கேற்பப் பயிற்சி தர வேண்டும். இருபது ஆண்டுகளாக அதைச் செய்துவருவதாகவே எண்ணியிருந்தேன்.

என் வகுப்பில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி. சென்ற ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கணிதத்தில் அவள் மதிப்பெண் சரிந்தது. பெருக்கலில் பிழை வந்தது. பெருக்கல் பயிற்சி கொடுத்தேன். கேள்வியைத் தவறாகப் படித்தாள்; வாசிப்புப் பயிற்சி கொடுத்தேன். பலனில்லை. அரையாண்டு அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினேன்.

கூலாய்ப் பெரியவரின் கேள்வி என் நெஞ்சில் தைத்தது அதன் பிறகுதான். எப்போது இழுக்கவில்லை? அவள் பயிற்சி நூல்களை எடுத்துப் பாடவேளை வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பிழைகள் அனைத்தும் காலையின் முதல் இரண்டு பாடவேளைகளில்! ஓய்வுவேளைக்குப் பிறகு செய்த கணக்குகள் ஏறத்தாழ முழுவதும் சரி. கணிதம் எங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் முதற்பாடம்.

அழைத்துக் கேட்டேன். அவள் தாயும் தந்தையும் சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள். கடற்பாலத்து நெரிசலுக்கு அஞ்சி விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுவிடுவார்கள். ஆதலால் பிள்ளையை நான்கு மணிக்கே எழுப்பி, அண்டை வீட்டில் விட்டுச் செல்வார்கள். அங்கே மீண்டும் உறக்கம் வராது. ஜொகூரில் இப்படி விடியும் முன்பே எழும் வீடுகள் எத்தனை என்பது நமக்குத் தெரியும். பெற்றோரைக் குறைகூற எனக்கு வாயில்லை. நான்கு மணிக்கு எழும் பிள்ளைக்குப் பெருக்கல் வாய்பாடு என்ன செய்யும்?

இப்போது அவளுடைய பாட்டி வீட்டோடு வந்து தங்கியிருக்கிறார். அவள் ஆறு மணி வரை உறங்குகிறாள். குறைநீக்கல் பயிற்சியையும் ஓய்வுவேளைக்குப் பின் மாற்றிக்கொண்டேன். முதற்பாடத்தில் இன்னும் சில நாள் கொட்டாவி விடுகிறாள். ஆனால் கணக்கு வருகிறது.

இவ்வரலாற்றைப் படிக்கையில் ஒரு சிறு விவரத்தைக் கண்டேன். கோளாறு சரியாகி, தொடர்ந்து மூன்று பயணங்களில் அது தென்படாவிட்டால் விளக்கு தானே அணைந்துவிடும். அதன் பிறகு எஞ்சின் நாற்பது முறை சூடாகிக் குளிரும் வரை அது திரும்பவில்லையென்றால், குறியீட்டையும் கணினி தன் நினைவிலிருந்து அழித்துவிடும்.

நான் எழுதிய ‘கவனக்குறைவு’ அப்படி அழியாது. அது அறிக்கையில் இருக்கிறது. அவள் தாயார் அதில் கையொப்பமிட்டிருக்கிறார். ஆண்டிறுதி அறிக்கையில் அவள் முன்னேற்றத்தை விரிவாக எழுதினேன். பெற்றோரை நேரில் அழைத்து, முன்னர் எழுதியது என் தவறு என்றும் சொன்னேன். அவள் தந்தையார் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அன்னைக்கு வீட்டுல அடிச்சிட்டேன் டீச்சர்,” என்றார்.

ஆசிரிய நண்பர்களே, அறிக்கையில் ஒரு சொல்லை எழுதுமுன் எப்போது, எந்தச் சுமையில் என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். பெற்றோர்களே, அப்படியொரு சொல் உங்கள் வீட்டிற்கு வந்தால், பிள்ளையிடம் கை ஓங்குமுன் எங்களிடம் வந்து அதே கேள்வியைக் கேளுங்கள்.